பழைய பிள்ளைமடுவத்து முற்றம்

அவளை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில், பிள்ளைகளுக்கான கிளினிக் நடக்கும் அறைக்கு வெளியே. நல்ல மழை நாள். நனைந்த செருப்புகளோடு நீள வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். வாங்குக்கு அடியில் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன், கன்னத்தைச் சில்லென்ற தரையில் ஒட்ட வைத்துப் படுத்திருந்தான். அவள் குனிந்து அவனைப் பார்ப்பதும், நிமிர்ந்து எங்களிடம், "மன்னிச்சிக்கங்க, இப்ப எந்திரிச்சிருவான்" என்று சொல்வதுமாக இருந்தாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

என் மகள் என் மடியில் இருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. என் சேலை முந்தானையின் குஞ்சத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதும்தான் அவள் வேலை. அது கையில் இருக்கும்வரை எங்கேயும் உட்காருவாள். பிடுங்கினால் அந்தக் கட்டடமே அதிரும்படி அழுவாள்.

நர்ஸ் வெளியே வந்து சிங்களத்தில் அந்தப் பெண்ணிடம் ஏதேதோ கேட்டார். மகன் எந்த வயதில் பேசத் தொடங்கினான், யாருடைய முகத்தையாவது பார்க்கிறானா, இரவில் தூங்குகிறானா என்று வரிசையாகக் கேள்விகள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, "ஓவ் மிஸ், ஓவ் மிஸ்" என்றாள். நர்ஸ் எழுதிக்கொண்டே போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, மகன் எப்ப பேச ஆரம்பிச்சான்னு கேக்குறாங்க."

அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "அவன் பேசவே இல்லைங்களே."

அதை நான் நர்ஸிடம் சொன்னேன். அவர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். நான் இடையில் நின்று அங்கும் இங்குமாக மொழிபெயர்த்தேன். டொக்டரின் அறைக்குள்ளும் என்னையே கூப்பிட்டார்கள். என் மகளைத் தூக்கிக்கொண்டு, இன்னொருத்தியின் பிள்ளையைப் பற்றி டொக்டர் சொன்னதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டிசம் என்ற சொல்லை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள். இரண்டு வருடங்களுக்கு முன் அதே நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்ட சொல் அது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "நீங்க டீச்சருங்களா?"

"ஆமா."

"டொக்டர் சொன்னாரே டீச்சர், அது மருந்து குடிச்சா போயிருமா?"

"போகாது. இது காய்ச்சல் மாதிரி வந்து போற நோய் இல்ல. அவன் அப்படிப் பிறந்திருக்கான். என் மகளும் அப்படித்தான்."

அவள் என் மகளைப் பார்த்தாள். குஞ்சத்தைச் சுற்றும் விரல்களைப் பார்த்தாள். "அப்ப உங்களுக்கும் இப்படித்தானா" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் அதற்காக வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எனக்கும் அதே நிம்மதிதான்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் பக்கம் போகும் பஸ்ஸில்தான் நாங்கள் ஒரே தோட்டம் என்று தெரிந்தது. என் கணவர் தேயிலை பெக்டரியில் மெக்கானிக். பெக்டரிக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்தோம். அவள் மேல் டிவிசன் லயத்து வரிசை வீடொன்றில் இருந்தாள், கொழுந்து எடுப்பவள். ஒரே மலையின் கீழும் மேலுமாக இருந்திருக்கிறோம். வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தபோது அவள் மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினான். அவன் அலறியதும் என் மகள் அலறினாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவளும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், "மன்னிச்சிக்கங்க" என்றோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

கிளினிக்கில் பிள்ளைகளை விளையாடக் கூட்டிப் போகச் சொல்லியிருந்தார்கள். ஊஞ்சல் நல்லது, மணல் நல்லது, மற்றப் பிள்ளைகளோடு இருப்பது நல்லது என்றார்கள். எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் டவுனில் இருக்கும் சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். என் மகள் ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தாள். ஆடத் தொடங்கியதும் அவள் உடம்பு தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எப்போதும் உயர்ந்தே இருக்கும் தோள்கள் இறங்கின. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முனகினாள். பாட்டு மாதிரி இருந்தது.

பின்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நியாயம்தான், அவர்களும் பிள்ளைகள்தான். நான் அவளை இறக்கப் பார்த்தேன். அவள் சங்கிலியை விடவில்லை. ஒரு பையன் பொறுமையிழந்து சங்கிலியைப் பிடித்து இழுத்தான். என் மகள் அவன் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்துவிட்டது. அவன் தாய் ஓடி வந்தாள்.

"இப்படிப்பட்ட புள்ளைய எல்லாம் ஏங்க இங்க கூட்டிக்கிட்டு வாறீங்க? வீட்ல வச்சிக்க வேண்டியதுதானே."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். பூங்காக் காவலாளி எங்களை வெளியே போகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். சறுக்கு மரத்துக்கு அடியில் ஒளிந்திருந்த தன் மகனை அவள் இழுத்து எடுத்தாள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். அங்கே வந்ததும் அவள் சொன்னாள்.

"டீச்சர், எங்க டிவிசன்ல பழைய புள்ளமடுவம் சும்மாதானே கெடக்கு."

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்தான் பிள்ளைமடுவம். பெரிய ரோட்டுப் பக்கம் புதுக் கட்டடம் வந்ததிலிருந்து மேல் டிவிசனில் இருந்த பழையது பூட்டிக் கிடந்தது. கூரைத் தகரம் ஓரிடத்தில் பறந்துபோயிருந்தது. ஆனால் அதன் முன்னால் ஒரு சமதரை முற்றம் இருந்தது. மலையில் சமதரை கிடைப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று இங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று பக்கமும் தேயிலை. ஒரு பக்கம் மட்டும் பாதை.

தோட்டத்து உதவி மனேஜரான சின்னத்தொரையிடம் நானும் என் கணவரும் போய்க் கேட்டோம். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டார். "எதாவது ஆச்சுன்னா தோட்டம் பொறுப்பில்ல" என்றார். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

என் கணவர் பெக்டரியில் கழித்துப் போட்ட ரப்பர் பெல்ட்டைக் கேட்டு வாங்கி வந்து ஊஞ்சல் பலகை செய்தார். பிள்ளை வழுக்கி விழாதபடி இருபுறமும் மடித்துத் தைத்தார். ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினோம். ஆற்றோரத்திலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டினோம். முற்றத்தைச் சுற்றிக் கம்பி வேலியும், பாதைப் பக்கம் கொக்கி போட்ட ஒரு தகரக் கதவும் வைத்தோம். எங்கள் பிள்ளைகளுக்கு வேலி இல்லாத இடம் விளையாட்டு இடமே இல்லை. ஒரு நொடி திரும்பினால் போய்விடுவார்கள்.

நான் ஊஞ்சலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வேறொன்றை நினைத்தாள்.

"அவனுக்குப் பயம் வந்தா உள்ள பூந்துக்க ஒரு எடம் வேணும் டீச்சர். இல்லன்னா ஊஞ்சல் இருந்தும் வரமாட்டான்."

பழைய கொழுந்துக் கூடைகளைத் தேடிப் பொறுக்கி வந்தாள். இப்போது பெரும்பாலும் நைலோன் பைகள்தான். மூங்கில் கூடைகள் லயத்துப் பின்புறங்களில் கோழி அடைக்கக் கிடந்தன. அவற்றைக் கழுவிக் காயவைத்து, பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழைய சேலையை மெத்தென்று விரித்து விறாந்தையில் வைத்தாள். முதல் நாளே அவள் மகன் ஒன்றுக்குள் போய்ச் சுருண்டுகொண்டான். கூடைப் பின்னலின் இடுக்கு வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே கிடந்தான். அதன் பிறகு தானாக வெளியே வந்து மணலில் உட்கார்ந்தான்.

லயத்துப் பிள்ளைகள் முதலில் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள். "அங்க போகாத, ஒட்டிக்கும்" என்று ஒரு தாய் சொன்னது எனக்கே கேட்டது. நான் போய் அந்தத் தாயிடம் பேசினேன். ஒட்டாது என்று சொன்னேன். வந்து ஒருநாள் எங்களோடு உட்கார்ந்து பாருங்கள் என்றேன். வந்தாள். அவள் பிள்ளைகளும் வந்தார்கள். பிறகு மற்றவர்கள். பிள்ளைகளுக்குச் சில விசயங்கள் சொல்லிக் கொடுத்தோம். கத்தக் கூடாது. ஊஞ்சலில் யாராவது இருந்தால் அவர்களாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். கூடைக்குள் இருப்பவர்களைக் கூப்பிடக் கூடாது. பெரியவர்களுக்கு இதைப் புரியவைக்க மாதங்கள் ஆயின. பிள்ளைகளுக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது.

அவள் மகனுக்குக் கல்லைத் தகரப் பேணிக்குள் போடுவது பிடிக்கும். ஒவ்வொன்றாகப் போட்டு, சத்தத்தைக் கேட்டு, மறுபடி கொட்டிவிட்டுப் போடுவான். லயத்துச் சிறுமி ஒருத்தி கல்லைப் பொறுக்கிக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைக்கத் தொடங்கினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் போட்டு முடித்ததும் கையை நீட்டினான். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கொரு கல்லோடு வரிசையில் நின்றார்கள். அவன் தாய் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுவதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று நான் அவளை மறைத்தபடி நின்றுகொண்டேன்.

"அவன் கையில யாரும் எதையும் வச்சதே இல்லைங்க" என்றாள்.

ஞாயிறு பிற்பகல்கள் அப்படிப் போயின. ஹட்டன் பக்கமிருந்தும் ஒரு குடும்பம் வரத் தொடங்கியது. அம்மாமார் விறாந்தையில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்போம். ஒரு பிள்ளை கத்தும், ஒரு பிள்ளை சட்டையைக் கழற்றி எறியும், ஒரு பிள்ளை ஒரே சொல்லை மாலைவரை சொல்லிக்கொண்டிருக்கும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. அதற்கு முன் அப்படி ஓர் இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. எப்போது என்று தெரியாமல் அவள் என்னை டீச்சர் என்பதை விட்டுவிட்டு அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் வருவார். அந்த வருடம் தீபாவளிக்கு வரவில்லை. பிறகு போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். வேறொரு குடும்பம் இருப்பதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரை மகனைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியாரும் தன் இன்னொரு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால்தான் அன்றைய வேலை. மகனை எங்கே விடுவது? புதுப் பிள்ளைமடுவத்தில் ஐந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை. பாடசாலையில் அவனுக்கென்று ஆசிரியர் இல்லை.

என் மகளை நான் என் பாடசாலைக்கே கூட்டிப் போவேன். அதிபர் இரக்கப்பட்டு, வகுப்பின் பின்பக்கம் ஒரு பாய் போட அனுமதித்திருந்தார். சில வாரங்கள் அவனையும் கூட்டிப் போனேன். என் மகள் பாயில் இருப்பாள், அவன் இருக்கமாட்டான். ஒருநாள் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது வெளியே ஓடிவிட்டான். பெரிய ரோட்டின் நடுவில் நின்று காதைப் பொத்திக்கொண்டிருந்தான். பஸ் அவனுக்கு மிக அருகில் வந்து நின்றிருந்தது. சாரதி இறங்கி வந்திருந்தார். அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சொன்னதில் தவறே இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்தான் பொறுப்பு.

அன்று மாலை அவளிடம் சொல்ல மேலே ஏறிப் போனேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க அக்கா. நீங்க செஞ்சதே பெருசு."

"நாளைக்கு என்ன செய்வ?"

"பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பழைய சேலையைக் கிழித்து அவன் இடுப்பில் சுற்றி, கட்டில் காலில் கட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். சேலை இறுகாதபடி உள்ளே துண்டு வைத்திருக்கிறாள். கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர், ரொட்டி, கல்லும் பேணியும் வைத்திருக்கிறாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் மலை முழுக்க ஓடி வந்து அவனுக்கு ஊட்டிவிட்டு ஓடியிருக்கிறாள். லயத்தில் யாரோ அவன் அழுகையைக் கேட்டு போன் செய்திருக்கிறார்கள். போன் செய்தவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கட்டிப்போட்ட பிள்ளையின் அழுகையைக் கேட்டுக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்.

சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்தார்கள். பொலிஸும் வந்தது. எனக்குச் செய்தி வந்து நான் ஓடிப் போனபோது அவள் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்து எடுத்த கறை கையில் அப்படியே இருந்தது. சிங்களத்தில் அவர்கள் கேட்டதை அவளுக்கும், அவள் சொன்னதை அவர்களுக்கும் மறுபடியும் நான்தான் சொன்னேன்.

"புள்ளைய ஏன் கட்டிப் போட்டீங்கன்னு கேக்குறாங்க."

"ஓடிப்போயி செத்துருவான்னு பயந்துதாங்க. சொல்லுங்க அக்கா. கொடுமை செய்யலன்னு சொல்லுங்க."

சொன்னேன். அந்த அதிகாரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பிள்ளையை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது என்றார். நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று என் கணவர் கேட்டார். நீங்கள் உறவுக்காரர் இல்லை, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். பகலில் வீட்டில் யாரும் இல்லை என்பதுதான் எல்லாப் பிரச்சினையும். அவளைவிட நான் நல்ல தாய் இல்லை. எனக்குப் பின்பக்கம் பாய் போடவிட்ட அதிபரும், இரவில் வீடு திரும்பும் கணவரும் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளில் ஒன்று அம்மாவோடு இருக்கவும் மற்றது போகவும் அது போதுமாக இருந்தது.

நீதிமன்றத்துக்குப் போய் வந்த பிறகு அவனை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். தாய் நிலையான வீடும் பார்த்துக்கொள்ள ஆளும் காட்டினால் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தால் வீடு கட்டலாம், மகனோடு வீட்டிலேயே இருக்கலாம் என்று கணக்குப் போட்டாள். நான் எவ்வளவோ சொன்னேன்.

"இங்க இருந்தா மட்டும் அவன் என்கிட்டயா இருக்கான்?" என்றாள்.

போவதற்கு முந்தின ஞாயிறு முற்றத்துக்கு வந்தாள். கூடைகளை எடுத்துத் தட்டி, சேலைகளைத் துவைத்துக் காயப் போட்டாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மாசத்துக்கு ஒருக்கா அவனப் போயி பாருங்க அக்கா."

முதல் மாதம் போனேன். என் மகளையும் கூட்டிப் போனேன். இல்லம் சுத்தமாக இருந்தது. பார்த்துக்கொள்பவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் பிள்ளைகள் அதிகம், அவர்கள் சிலர்தான். முற்றம் முழுக்க சீமெந்து. ஓரத்தில் புத்தம்புது ஊஞ்சல் ஒன்று இருந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று சங்கிலியை மேலே சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

அவன் ஒரு வாங்கில் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். எங்கள் பிள்ளைகள் வாயால் கேட்கமாட்டார்கள். வேண்டியது எங்கே இருக்கிறதோ அங்கே நம் கையைக் கொண்டுபோய் வைப்பார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் குழாயில், சோறு வேண்டுமென்றால் பானையில். அவன் என்னை முற்றத்தைக் கடந்து நடத்திப் போனான். வாசல் கேட்டில் என் கையை உயர்த்தி, அதன் தாழ்ப்பாளில் வைத்தான். வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

நான் திறக்கவில்லை. அவன் என் விரல்களைத் தாழ்ப்பாளைச் சுற்றி ஒவ்வொன்றாக மடக்கினான். எனக்குத் திறக்கத் தெரியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். பொறுமையாகத்தான் செய்தான், எனக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல. மறுபடியும் காத்திருந்தான். பார்த்துக்கொள்ளும் பெண் வந்து அவனை மெதுவாகப் பிரித்து எடுத்தார். அப்போதுதான் அழுதான். திரும்பி வரும் பஸ்ஸில் என் மகள் வழி முழுவதும் தூங்கினாள். நல்லதாகப் போயிற்று. நான் அழுவதை மறைக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது மாதமும் என் கையைத் தாழ்ப்பாளில் வைத்தான். அதற்கடுத்த மாதமும். சங்கிலியை அவிழ்த்துவிட முடியாதா என்று நான் கேட்டேன். கூடை ஒன்று கொண்டுவந்து தரவா என்றும் கேட்டேன். பொறுப்பாளர் அக்கறையோடுதான் காதுகொடுத்தார். ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் எல்லாரும் அடித்துக்கொள்வார்கள், பார்க்க ஆளில்லை என்றார். ஆனாலும் நான் கொண்டுபோன ஒரு கூடையை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது அதில் காய்ந்த உடுப்புகள் இருந்தன.

நீண்ட விடுமுறை வந்தபோது அனுமதி எழுதி வாங்கி, ஒரு பகல் மட்டும் அவனை எங்கள் முற்றத்துக்குக் கூட்டி வந்தோம். என் கணவர் ஆட்டோ பிடித்து விடிய முன்னமே கிளம்பிப் போய் அழைத்து வந்தார். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். கல் கொடுத்த அந்தச் சிறுமி பாவாடை மடி நிறையக் கல்லோடு நின்றாள்.

அவன் உள்ளே வந்தான். விறாந்தைப் படியில் உட்கார்ந்தான். முதுகு நேராக, இரண்டு கையும் முழங்காலில். சிறுமி அவன் அருகில் போய் ஒரு கல்லை நீட்டினாள். அவன் கையை எடுக்கவில்லை. அவள் கல்லை அவன் முழங்கால்மேல் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. ஊஞ்சலுக்குக் கூட்டிப் போனேன், உட்கார வைத்தால் உட்கார்ந்தான். ஆட்டினேன், ஆடினான். நிறுத்தினேன், இறங்கிப் போய் மறுபடியும் படியில் உட்கார்ந்தான். கத்தவில்லை, ஓடவில்லை, யாரையும் கடிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய், "எவ்வளவு அமைதியாகிட்டான் பாருங்க" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

என் மகள் ஊஞ்சலை விட்டு இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் இருவரும் எப்போதும் சேர்ந்து விளையாடியதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள், அவ்வளவுதான். கொஞ்சநேரம் இருந்துவிட்டு அவளும் எழுந்து போய்விட்டாள்.

மாலையில் திருப்பிக் கொண்டுபோய் விட நானும் கூடவே போனேன். கேட்டுக்கு முன்னால் வந்ததும் என் மணிக்கட்டைக் கொடுத்தேன். வேண்டுமென்றே கொடுத்தேன். பிடிக்கட்டும் என்று நினைத்தேன். அவன் பிடிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். அழுவான் என்று நான் எதிர்பார்த்து என்னைத் தயார்படுத்தியிருந்தேன். அவன் அழாமல் போனதற்கு எனக்குள் எந்தத் தயாரிப்பும் இருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தாள். அவள் வேலை செய்யும் வீட்டார் தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் அவளால் பேச முடியும். சமையலறையில் நின்று மெதுவாகப் பேசினாள்.

"கூட்டிக்கிட்டு வந்தீங்களாக்கா? ஊஞ்சல்ல ஆடுனானா?"

"ஆடினான்."

"கூடைக்குள்ள பூந்தானா?"

"இல்ல. படியில உட்கார்ந்திருந்தான்."

"என்னையத் தேடுறானாக்கா?"

அவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். "எனக்குத் தெரியல தங்கச்சி. அமைதியா இருக்கான்."

"அமைதியாவா. அது நல்லதா கெட்டதாக்கா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் அழவில்லை. வேறு ஏதோ பேசுவதுபோலத் தொடங்கினாள். அவள் வேலை செய்யும் வீட்டில் ஒரு சின்னப் பெண்பிள்ளை. பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போவது அவள் வேலையாம். தரை முழுக்க மெத்தென்ற ரப்பராம். பெல்ட் போட்ட ஊஞ்சல்கள் வரிசையாக இருக்குமாம். சத்தம் பிடிக்காத பிள்ளைகள் உள்ளே போய் இருக்கச் சின்னச் சின்ன வீடுகள்கூடக் கட்டி வைத்திருக்கிறார்களாம்.

"நம்ம புள்ளைங்க மாதிரியே அங்க நெறைய வருதுங்கக்கா. கைய ஒதறிக்கிட்டு, காதப் பொத்திக்கிட்டு. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நேத்து ஒரு பையன் தாய விட்டுட்டு வந்து என் கையப் பிடிச்சி ஊஞ்சல்கிட்ட கூட்டிப் போனான். யார் பெத்த புள்ளையோ. ரொம்ப நேரம் நான்தான் ஆட்டுனேன்."

பின்னால் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. "வாறேன் மேடம்" என்று அவள் சொல்வதும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கிறது. வீட்டுக்கான இடம் தருவதாகத் தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் எழுத்தில் வரவில்லை. முற்றத்துக்குப் புதிதாக இரண்டு குடும்பங்கள் வருகின்றன. மாதத்துக்கு ஒருமுறை நான் இல்லத்துக்குப் போகிறேன். போகும்போது வாங்கில் அவன் பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்டு உட்கார்ந்துகொள்வேன். பேசமாட்டேன். மணி அடித்துப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும்வரை அப்படியே இருந்துவிட்டு எழுந்து வருவேன்.